பெரிய டிரம் பத்துமலை

பத்துமலை டிரம்மை அடிப்பதற்கு முன் அதை முகர்ந்து பார்ப்பார். மூக்கைத் தோலின் நடுவில் வைப்பதில்லை. விளிம்பில், கயிறு இழுத்துக் கட்டியிருக்கும் இடத்தில் வைத்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். பிறகு சுற்றிலும் இன்னும் மூன்று இடங்களில். ஈரம் ஏறியிருந்தால் தோல் பச்சை வாடை அடிக்குமாம்.

"தட்டிப் பாத்தா அது பொய் சொல்லும்ணே. மோந்து பாத்தா சொல்லாது" என்பார்.

ஈரமாக இருந்தால் தோட்டத்துப் புகைக்கூடத்துக்கு எடுத்துப்போவார். அவருக்கு அங்கேதான் வேலை. ரப்பர் ஷீட்டுகள் மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கும் அந்த இருட்டுக்குள், கடைசிக் கழியில் டிரம்மும் தொங்கும். ஷீட்டு பழுப்பாகும்போது தோலும் இறுகும். இந்தப் பேராக் மழையில் வேறு வழி இல்லை. அதனால் எங்கள் பேண்டு ஈப்போவில் எந்தத் தெருவில் திரும்பினாலும் முதலில் வருவது சத்தம் இல்லை, புகை நாற்றம். சீனர் சாவு வீடுகளில் ஆட்கள் மூக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். பத்துமலை முகத்தை மாற்றாமல் நிற்பார்.

வயது முப்பத்திரண்டு. குள்ளம். டிரம்மை மாட்டிக்கொண்டு நடந்தால் எதிரில் வருகிறவருக்கு ஒரு தொப்பி, ஒரு வட்டம், இரண்டு கால்கள் மட்டுமே தெரியும். வார் தொங்கித் தொங்கி இடது தோள் இறங்கிவிட்டது. டிரம் இல்லாத நாளிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடப்பார். பத்துமலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்று தாயார் வைத்த பெயர். அந்த மலையை அவர் இன்னும் பார்த்ததில்லை.

தோட்டம் ஈப்போவிலிருந்து எட்டு மைல். சைக்கிளில் பின்னால் டிரம்மைக் கட்டிக்கொண்டு வருவார். தூரத்தில் பார்த்தால் மூன்றாவது சக்கரம் ஒன்று மேலே ஏறி உட்கார்ந்து வருவதுபோல இருக்கும்.

எங்கள் பேண்டு என்று எழுதிவிட்டேன். அது என் தகப்பனார் ஐயாவுவின் பேண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஜமீன் பேண்டில் கிளாரினெட் வாசித்துவிட்டுக் கப்பல் ஏறியவர். ஈப்போவில் தையற்கடை வைத்திருந்தார். பதினொரு ஆட்களைச் சேர்த்து, அவர்களுக்கு உடுப்பும் தைத்து, வாசிக்க வேண்டிய நோட்டும் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள். அவற்றைப் புத்தகமாகத் தைத்து, அட்டையில் அவரவர் பெயரை நூலால் போட்டுத் தருவார். பெரும்பாலும் சீனர் சாவு ஊர்வலங்கள். சில கல்யாணங்கள். வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துத் திருவிழா.

ஈப்போவில் பெரிய வெள்ளம் வந்து வடிந்த அடுத்த மாதம், காய்ச்சலில், ஆறு நாளில் போய்விட்டார்.

சாவதற்கு முன் மெதுவான நடைப் பாட்டு ஒன்று எழுதி முடித்திருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. பதினாறாம் நாள் அதைக் கடை வாசலில் வாசிப்பது என்று பேண்டு ஆட்கள் தீர்மானித்தார்கள். பெட்டியைத் திறந்தேன். கார்னெட்டுக்குப் புத்தகம் இருந்தது. கிளாரினெட்டுகளுக்கு இருந்தது. சைட் டிரம்முக்குக்கூட இருந்தது. பெரிய டிரம்முக்கு மட்டும் இல்லை.

நான் ஈயச் சுரங்கங்களுக்குப் பம்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறவன். சிறு வயதில் அப்பாவிடம் நோட்டு எழுதக் கற்றிருக்கிறேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. சாவு ஊர்வலத்தில் வாசிக்கிற பேண்டு என்பதில் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. இப்போது மற்றப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் பெரிய டிரம்முக்கு நானே எழுதினேன். பட்டறையில் எழுதுகிறபடி, வரைபடக் காகிதத்தில், மைப் பேனாவால், அளவு பிசகாமல். பத்தாம் நாள் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

பேண்டுக்கு நோட்டு எழுதுகிறவர்கள் யாராவது இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடும். டிரம் வரியைக் கடைசியில், மிச்சம் இருக்கிற மையில் எழுதுகிறவர்கள் நாம். அவர்களுக்கும் சேர்த்து அன்று பத்துமலை சொன்னதை எழுதுகிறேன்.

புகைக்கூடத்தின் அடுப்பு வாயில் குந்தியிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். நோட்டு படிக்கத் தெரியாது. என்னையே வாயால் சொல்லிக் காட்டச் சொன்னார். பெரிய டிரம், அதோடு அவரே அடிக்க வேண்டிய பித்தளைத் தட்டு, இரண்டையும் நான் தொடையில் தட்டிக் காட்டினேன். பாதியில் கையைத் தூக்கினார்.

"இருங்கண்ணே. இந்த எடத்துல பெரிய டிரம்மு. அடுத்த எடத்துல தட்டு. அதுக்கடுத்து மறுபடி டிரம்மு. தட்டுக்கு ரெண்டு கை வேணும். டிரம்முத் தடிய நான் எங்க வெக்கிறது, வாய்லயா?"

"கீழே வைத்துவிட்டு எடுக்கலாமே?"

"நடந்துக்கிட்டே குனியச் சொல்றீங்க. பின்னாடி வாரவன் என் முதுகுல ஏறிப் போவான்லா."

அவர் கணக்கில், ஒன்றை வைத்து இன்னொன்றை எடுக்க நான்கு அடி நடக்கும் நேரமாவது வேண்டும். நான் அரை அடி கொடுத்திருந்தேன். பம்புக்குப் படம் போடும்போது, திருகாணியை முடுக்குகிற கை நுழைய இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் படத்திலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதில் பார்க்கவில்லை.

இரண்டாவது, மெல்லிசாக உருட்டச் சொல்லி நான் எழுதிய இடம்.

"இது கடைக்குள்ள உக்காந்து கேக்கறதுக்கு நல்லாருக்கும். ரோட்டுல ஒரு பக்கம் சீனன் கோங்கு அடிப்பான், ஒரு பக்கம் மாட்டு வண்டி. மெல்ல அடிச்சா எனக்கே கேக்காது. கேக்காதத எதுக்கு அடிக்கிறது, சூசா?" வீண் தொல்லை என்பதற்கு அவர் வாயில் அந்த மலாய்ச் சொல்தான் வரும்.

மூன்றாவதுதான் பெரியது. ஓர் இடத்தில் அழகுக்காக அடியை அரை அடி தள்ளிப் போட்டிருந்தேன். தட்டிக் காட்டியதும் பத்துமலை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐயாவே ஒரு தடவ இந்தத் தப்பப் பண்ணாரு. தவுக்கே, சீன மொதலாளி ஒருத்தரு சாவு. பதினாறு பேரு தூக்குற பொட்டி. என் அடியக் கேட்டுத்தான் அவனுங்க கால வெக்கிறானுங்க. நான் தள்ளி அடிச்சேன், எழுதியிருந்த மாதிரி. பாதிப் பேரு காலு எனக்கு வந்துச்சு, பாதிப் பேரு காலு பழைய எடத்துல நின்னுச்சு. பொட்டி சாஞ்சு போச்சு. வுழல. ஆனா சாஞ்சுச்சு. ஐயா அன்னிக்கி சோறு திங்கல."

அப்பா எனக்கு இதைச் சொன்னதில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"சாவுல பெரிய டிரம்முங்கிறது பாட்டு இல்லண்ணே, காலு. கார்னெட்டு என்ன வேணா ஆடிக்கலாம்."

பிறகு தாளை என் கையில் திருப்பித் தந்து, நான் எங்குமே எழுதாத ஒன்றைக் கேட்டார்.

"அடிக்கிறத எல்லாம் எழுதிட்டீங்க. நிறுத்துறத எங்க எழுதியிருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து, கழியிலிருந்து டிரம்மை இறக்கி, தடியால் ஓர் அடி அடித்தார். புகைக்கூடத்துத் தகரம் அதிர்ந்தது. அந்த ஒலி தேயத் தேய நின்றுகொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். உடனே இடது உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்தார். ஒலி அங்கேயே அறுந்தது.

"ஒரு அடிக்கு ரெண்டு வேலை. வலது கை பேசும், இடது கை வாயப் பொத்தும். எப்பப் பொத்தணும்னு எழுதலேன்னா, ஒரு அடியோட வாலு அடுத்த அடியோட தலைல ஏறிடும்."

இந்த நேரத்தில் அவர் மனைவி செல்லாயி பால் வெட்டு முடிந்து, தகரக் குவளையில் தேநீரோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, "ஐயாவப் பத்திக் கேட்டோம்ணே. மனசு ஆறல" என்றாள். பிறகு புருஷனைக் கண்ணால் காட்டி, "எண்ண ஆரம்பிச்சிட்டாரா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றார் பத்துமலை.

"ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாருண்ணே. சோறு போட்டா மொதக் கவளத்துலேருந்து மரம் எண்ணுவாரு. என்னையக் கட்டுன அன்னிக்கும் நான் எத்தனாவது மரம்னுதான் கேட்டிருக்கணும்."

எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் போன பிறகு, டிரம் சும்மா இருக்க வேண்டிய ஓர் இடத்தைக் காட்டினேன். அங்கே முப்பத்தாறு பார் ஓய்வு. இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள இடத்தைப் பேண்டுக்காரர்கள் ஒரு பார் என்பார்கள். இந்த மெதுவான நடையில் ஒரு பாருக்கு நான்கு அடி நடக்கலாம்.

"எதைப் புடிச்சுக்கிட்டு இருக்கறது?" என்றார்.

"எண்ண வேண்டியதுதான். ஒன்று, இரண்டு..."

"நம்பரு வுட்டுடும்ணே. எல்லா நம்பரும் ஒரே மூஞ்சி. பதினேழும் பதினெட்டும் எனக்கு ரெட்டப்புள்ளைங்க. மரம் அப்படி இல்ல. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."

கண்ணை மூடிக்கொண்டார். வலது கால் மெல்ல அசைந்தது. நான்கு அசைவுக்கு ஒரு மரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"கெணத்து மரம். கூனி மரம். எறும்பு மரம். ரெட்டக்கால் மரம். இடி வுழுந்த மரம். ராமையா பால் மங்கு ஒடச்ச மரம். பாப்பா ஒக்காந்து அழுத மரம்..."

புகைக்கூடத்துக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவர் பால் வெட்டிய ரப்பர் மர வரிசை, நிரை, அது. ரப்பர் விலை விழுந்தபோது அந்த நிரையில் வெட்டை நிறுத்திவிட்டார்கள். மரங்கள் நிற்கின்றன. அடிகளுக்கு இடையில் சும்மா இருக்க வேண்டிய நேரம் முழுவதும் பத்துமலை அந்த நிரையில் நடக்கிறார். ஒரு பாருக்கு ஒரு மரம். எந்த மரத்தில் அடிக்க வேண்டுமோ அந்த மரத்தில் அடிக்கிறார். ஒரு நாளும் பிசகியதில்லை.

"ஐயா ஒரு நா விடியக்காலைல எங்கூட நெரைக்கி வந்தாரு. செருப்பக் கழட்டிக் கைல வெச்சிக்கிட்டு, அட்டை கடிக்கக் கடிக்க நடந்தாரு. முந்நூத்திப் பத்து மரம். ஒவ்வொண்ணுக்கும் பேரு கேட்டு எழுதிக்கிட்டாரு. அதுலேருந்து எனக்கு அவரு எழுதுறது மரந்தான். கோடு போட்ட தாளு மத்தவங்களுக்கு. எனக்குத் துணி வெட்டுற காக்கித் தாளு. இதுக்கும் எழுதாம இருக்க மாட்டாருண்ணே. நல்லாத் தேடுனீங்களா?"

நான் தேட வேண்டியதில்லை.

காக்கித் தாள். ஏழு தாள்கள். அப்பாவின் கையெழுத்து. கிணற்று மரம், கூனி மரம், எறும்பு மரம். சில பெயர்களுக்கு எதிரே பெருக்கல் குறி. தோட்டத்து ஆள் யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன பட்டியல், அதை அப்பா படியெடுத்திருக்கிறார், பட்டுப்போன மரங்களுக்குக் குறி போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். தலையணைக்கு அடியில் இருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய மறுநாள், பாயையும் தலையணையையும் எரித்தபோது அதையும் சேர்த்துப் போட்டேன்.

சொன்னேன். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிந்துவிட்டது.

பத்துமலை ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுப்பு. இன்னொன்றையும் தள்ளினார். புகை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏறியது.

"குறி போட்டதுதான் அடி" என்றார் கடைசியில். "எங்கெங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"ஒண்ணு கூடவா?"

கடைசித் தாள் மட்டும் ஞாபகம் இருந்தது. எதைக் கண்டாலும் எண்ணுவது என் தொழில் பழக்கம். அந்தத் தாளில் இருபத்து நான்கு மரங்கள். ஒன்றுக்கும் குறி இல்லை.

"எண்ணுனீங்களா?"

"எண்ணினேன்."

"ஒரு குறி கூட இல்ல?"

"இல்லை."

அவர் வெகுநேரம் தலையசைத்தார். "அப்ப கடைசி இருவத்திநாலு மரத்துக்கு என்னைய சும்மா நடக்கச் சொல்லியிருக்காரு."

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அதையும் சொன்னேன். மரங்களை எழுதி முடித்து, குறி போடுவதற்குள் காய்ச்சல் கண்டிருக்கலாம். அந்தத் தாள் முடியாமல் நின்ற தாளாக இருக்கலாம்.

"இருக்கலாம்லா" என்றார் பத்துமலை. "அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? அவரு போடாத குறிய நான் அடிக்க மாட்டேன்."

அன்று பிற்பகல் முழுவதும் அவர் சொல்லச் சொல்ல நான் மரங்களின் பெயர்களை எழுதினேன். முதல் ஆறு தாளுக்கும் அடி என்னுடையது, அவர் திருத்தியது. தட்டை எடுத்துவிட்டேன். தள்ளிப் போட்ட அடியை நேர் செய்தேன். உருட்டலை நீக்கினேன். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில், கை வைக்க வேண்டிய இடத்தில், ஒரு சிறு வட்டம் போட்டேன். டிரம் நீண்டநேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டிய இடங்களில், அதற்கு முன் கார்னெட் என்ன வாசிக்கும் என்பதைச் சொல்லால் எழுதி வைத்தேன். இதுவும் அவர் கேட்டதுதான். "மரமும் தப்பிப் போச்சுன்னா காதாவது காப்பாத்தும்."

பதினான்காம் நாள் கடையில் ஒத்திகை. அப்பாவுக்குப் பிறகு பேண்டை நடத்துகிற கார்த்திகேசு கார்னெட் வாசிப்பவர். ரெயில்வேயில் கிளார்க்கு, யாழ்ப்பாணத்துக்காரர். கடைசி இருபத்து நான்கு பாருக்கு டிரம் ஓய்ந்ததும் வாசிப்பை நிறுத்தினார்.

"என்ன பத்துமலை, இந்த இடத்தில டிரம் எங்கே?"

"இல்லண்ணே."

"டிரம் இல்லாமல் முடிக்கிறதோ? கேக்கிற சனம் டிரம்காரன் நித்திரையெண்டு சொல்லும். ஐயாவின்ரை பதினாறில எங்களைச் சிரிக்க வைக்கப்போறீரோ?"

"சிரிக்கட்டும்லா."

கார்த்திகேசு என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் படிச்ச ஆள். முதலில நீர் எழுதி எனக்குக் காட்டினதில முடிவு இருந்ததல்லோ? மூண்டு அடி, நல்ல கனமாய். அதை வாசிக்கச் சொல்லும்."

இருந்தது. என் வரைபடக் காகிதம் பையில்தான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பத்துமலையைத் தவிர. அவர் டிரம்மின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்வதை அவர் வாசிப்பார் என்று எனக்குத் தெரிந்தது. முதலாளியின் பிள்ளை சொல்கிறான் என்று வாசிப்பார். அப்பா எதை நினைத்தார் என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நான் எரித்த தாளில் என் கண் பார்த்தது இவ்வளவுதான்: இருபத்து நான்கு மரம், வெறுமை.

பட்டறையில் காய்ந்த மையைத் திருத்தப் பிளேடு வைத்திருப்போம். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கடைசி மூன்று அடிகளைச் சுரண்டினேன். காகிதம் சற்றுப் பஞ்சு விட்டது. அதைக் கார்த்திகேசுவிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, உம்மடை தேப்பன், நீர் சொன்னால் சரி" என்றார்.

பதினாறாம் நாள் காலையிலிருந்து தூறல். ஆட்கள் அஞ்சடியில், கடைகளின் முன் ஓடும் அந்த ஐந்தடி நடைபாதையில், ஒதுங்கி நின்றார்கள். தைத்து முடிக்காத இரண்டு சட்டைகள் கடைக்குள் தொங்கின. அவற்றுக்கு உரியவர்களும் வந்திருந்தார்கள். பத்துமலை சைக்கிளில் வந்து இறங்கினார். டிரம்மின்மேல் செல்லாயியின் பழைய சேலை ஒன்று மூன்று சுற்று சுற்றியிருந்தது. அவிழ்த்தார். குனிந்து நான்கு இடத்தில் முகர்ந்தார். சரி என்பதுபோல எனக்குத் தலையசைத்தார்.

வாசித்தார்கள். என் அடிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடது கை வந்து பொத்தியது. நின்றிருந்தவர்களில் சிலர் தங்களை அறியாமல் காலை மாற்றி மாற்றி வைத்ததைக் கவனித்தேன். ஏழாவது தாள் வந்தது. பத்துமலை தடியை இடுப்பு வாரில் செருகினார். இடது உள்ளங்கையைத் தோலின் நடுவில் வைத்தார். கார்னெட்டும் கிளாரினெட்டுகளும் அடி இல்லாமல் போயின. யாரும் சிரிக்கவில்லை. ஒரு மரம் முடிந்து அடுத்த மரம் எப்போது வருகிறது என்று அவர் உதட்டைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. நானும் எண்ணினேன். எனக்கு எண்தான் வந்தது.

இருபத்து நான்கில் நோட்டு முடிந்தது. கார்த்திகேசு கார்னெட்டை இறக்கி எச்சிலை உதறினார். மற்றவர்களும் வாத்தியங்களை இறக்கினார்கள். யாரோ குடையை விரித்தார்கள். பத்துமலை கையைத் தோலிலிருந்து எடுக்கவில்லை. கண் மூடியிருந்தது. வலது கால் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நான்கு அசைவுக்கு ஒருமுறை உதடு திறந்து மூடியது.